காலை ஆறு மணிக்கு மூடிக் கிடக்கும் கடை

புது போன் வாங்கியவர்களுக்கு இந்தச் சந்தேகம் ஒருமுறையாவது வந்திருக்கும். பேசுவது, படம் எடுப்பது, பணம் அனுப்புவது எல்லாம் இரண்டே நாளில் கைவந்துவிடுகிறது. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் மட்டும் விரல் நின்றுவிடுகிறது, ஏன்? வங்கிப் படிவத்தையும் ரேஷன் கார்டு விண்ணப்பத்தையும் அசராமல் நிரப்புகிறவர்கள்கூட, டிவியில் ‘ஆடியோ அவுட்புட் ஃபார்மட்’ என்று ஒரு வரியைப் பார்த்ததும் ‘பையன் வரட்டும்’ என்று ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

இதைப் படிப்புக் குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மீன்கடையை வைத்துப் பார்ப்போம். கடை கற்பனை. அங்கே நடக்கும் கோளாறுகள் கற்பனையல்ல. இணையதளம் வைத்திருக்கும் சிறு வியாபாரிகள் பலரும் பட்டவைதான்.

ராயபுரத்தில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடைக்கார அம்மா விடியுமுன்பே ஏலத்துக்குப் போய் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று அன்றைக்கு வந்ததை எடுத்து வருகிறார். தெரிந்த பையன் ஒருவன் வேர்ட்பிரஸ் வைத்து ஒரு இணையதளம் போட்டுக்கொடுத்திருக்கிறான். 2003-ல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. உலகத்து இணையதளங்களில் பத்துக்கு நான்கு அதன்மேல்தான் ஓடுகின்றன. தளம் வெறும் சுவர் என்றால், அதில் அலமாரி, கல்லாப்பெட்டி, மணி என்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்ளலாம். இப்படி மாட்டும் சிறு நிரலுக்கு ப்ளக்-இன் என்று பெயர், கணித்தமிழில் செருகுநிரல். ஆர்டர் எடுக்க ஒன்று, கடை திறக்கும் மூடும் நேரத்தைப் பார்த்துக்கொள்ள ஒன்று என்று இரண்டு செருகுநிரல்களைப் பையன் மாட்டினான். காலை 5 மணிக்குத் திறப்பு, 8 மணிக்கு மூடல்.

மறுநாள் காலை 6 மணிக்கு, தண்டையார்பேட்டை வாடிக்கையாளர் தளத்துக்குள் போனால், ‘கடை மூடியிருக்கிறது’ என்கிறது. கடையிலோ ஐஸில் மீன் பளபளக்கிறது. பத்தரைக்குத் தளம் தானாகத் திறக்கிறது. மதியம் ஒன்றரைக்கு மூடுகிறது.

“இன்னாடா இது, மீன் வித்து முடிஞ்சப்புறம் ஆர்டர் வருது?”

“டைம் ஜோன் மாத்தலக்கா.”

“அத்த நான் எங்க போய் மாத்துறது? ஆறு மணின்னா ஆறு மணிதானே?”

அம்மா கேட்பது நியாயமான கேள்வி.

சுழியம் யாருடைய முடிவு?

வேர்ட்பிரஸை ஆங்கிலத்தில் நிறுவினால் அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில், அதாவது கிரீன்விச் கணக்கில், நிற்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கிரீன்விச்சில் 5 மணி என்றால் ராயபுரத்தில் பத்தரை. பையன் போட்ட நேரம் சரி. கடிகாரம்தான் வேறு ஊரில் இருந்தது.

நாம் எதையும் தொடாவிட்டால் கருவி தானாக எந்த நிலையில் இருக்குமோ, அதை முன்னிருப்பு என்கிறார்கள். இந்த அத்தியாயத்தின் முக்கியப் பாத்திரம் இதுதான். ஏனென்றால் பெரும்பாலோர் எதையும் தொடுவதில்லை. அமெரிக்காவில் பயன்பாட்டு ஆய்வு செய்யும் ஜேரட் ஸ்பூல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். மைக்ரோசாஃப்ட் வேர்டு பயன்படுத்துபவர்கள் பலரிடம் அவர்களுடைய செட்டிங்ஸ் கோப்பை வாங்கி ஆராய்ந்ததில், எதையாவது மாற்றியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. அந்தக் காலத்து வேர்டில், எழுதுவதைத் தானாகச் சேமிக்கும் வசதி அணைத்த நிலையில்தான் வரும். ஏன் அதைப் போடவில்லை என்று கேட்டதற்கு, ‘மைக்ரோசாஃப்ட்டுக்குத் தெரியாததா, காரணமாகத்தான் அணைத்து வைத்திருப்பார்கள்’ என்ற பாணியில் பதில் வந்தது. ஸ்பூல் அந்தக் காரணத்தைத் தேடிப் போனார். அப்படி ஒன்று இல்லை. செட்டிங்ஸ் கோப்பை முதலில் உருவாக்கியபோது எல்லா இடத்திலும் சுழியம் போட்டு வைத்திருக்கிறார்கள். சுழியம் என்றால் ‘அணை’. அவ்வளவுதான்.

நம் மீன்கடையின் கடிகாரத்திலும் அதே சுழியம்தான். கிரீன்விச்சுக்கும் இந்தத் தளத்துக்கும் உள்ள வித்தியாசம் 0 என்று இருந்தது. யாரும் உட்கார்ந்து யோசித்து ‘ராயபுரத்துக்கு லண்டன் நேரம் போதும்’ என்று தீர்மானிக்கவில்லை. நிரப்பாமல் விட்ட இடம், தீர்மானம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு நின்றது.

ராயபுரம் ஸ்டேஷனும் மதராஸ் நேரமும்

இந்தக் கடையிலிருந்து ராயபுரம் ரயில் நிலையம் தூரமில்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. அன்றைக்கு ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வருவதை வைத்தே மணி பார்த்தது. நிலநிரைக்கோட்டில் ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. சூரியக் கடிகாரப்படி நான்கு நிமிட வித்தியாசம்கூட இல்லை. யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

பாதை நீண்டுகொண்டே போனபோதுதான் சிக்கல். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பயணி தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ரயில்வே சொல்லியிருக்கலாம். இன்றைய மொழியில், அதைப் ‘பயனர் செட்டிங்’ ஆக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால் ஓடிய மதராஸ் நேரத்தையே இந்திய ரயில்களுக்குப் பொது நேரமாக வைத்துக்கொண்டார்கள். மதராஸ் நடுவாந்தரமான இடம். தவிர, 1792-ல் அமைந்த வானாய்வகம் இங்கே இருந்தது, அங்கிருந்து தந்தி மூலம் நேரத்தை அனுப்ப முடிந்தது. 1906 ஜனவரி 1 முதல் இன்றைய இந்தியத் திட்ட நேரம் வந்தது. கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தங்கள் பழைய நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தனிக் கதை.

கருவியைச் செய்பவர் ஒருமுறை மண்டையை உடைத்துக்கொண்டால், ஆயிரக்கணக்கானோர் தினமும் உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரயில்வே செய்தது அதைத்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு காலத்தில் நாட்டுக்கே மணி சொன்ன ஊர், வேர்ட்பிரஸின் நேரப் பட்டியலில் இல்லவே இல்லை. ஆசியா என்ற தலைப்பின்கீழ் தேடினால் கொல்கத்தாதான் கிடைக்கும். ராயபுரத்துக்காரர் சென்னையைத் தேடி, பிறகு மதராஸைத் தேடி, பிறகு பையனைத் தேடுவார்.

இத்தனை பெட்டிகள் எப்படி முளைக்கின்றன?

இரண்டு நிரலாளர்களுக்குள் ஒரு வாக்குவாதம். ஒருவர் இப்படி வேலை செய்யட்டும் என்கிறார், மற்றவர் அப்படி என்கிறார். சமாதானத்துக்கு எளிய வழி: ஒரு டிக் பெட்டியை வைத்து, பயனரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது. செட்டிங்ஸ் பக்கங்களில் கணிசமான பகுதி இப்படித் தீராத வாக்குவாதங்களின் குப்பைக்கூடைதான். சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன் என்றாலும், நிரல் எழுதும் நண்பர்கள் பெரிதாக மறுக்க மாட்டார்கள்.

குனோம் என்ற திறந்த மூல மென்பொருளில் பணிபுரிந்த ஹேவக் பென்னிங்டன், 2002-ல் எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு செட்டிங்குக்கும் ஒரு விலை உண்டு என்று வாதிட்டார். விலையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு நிலை கொண்ட பத்துப் பெட்டிகள் இருந்தால் 1,024 விதச் சேர்க்கைகள். இருபது பெட்டிகள் என்றால் 10,48,576. இத்தனையையும் யார் சோதித்துப் பார்த்திருப்பார்கள்? நம் அம்மாவின் கடையில் அமைந்த சேர்க்கை, உலகத்தில் வேறு யாருமே ஓட்டிப் பார்க்காத ஒன்றாக இருக்கலாம்.

வேர்ட்பிரஸ்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. விருப்பங்களைக் குவிக்காமல் நாமே முடிவெடுக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். வெளிச் செயலிகள் வழியாகப் பதிவிட அனுமதிக்கலாமா என்ற பெட்டியை 2012-ல் வந்த 3.5 பதிப்பில் தூக்கியும்விட்டார்கள். ஆனால் செருகுநிரல்களை எழுதுபவர்கள் வெளி ஆட்கள். கொள்கை வாசலோடு நின்றுவிடுகிறது.

கேள்வியைத் திருப்பிப் போடுவோம்

இனி மீன்கடைக்கே வருவோம். ஆர்டர் எடுக்கும் செருகுநிரல்களில் பெயர்பெற்ற வூகாமர்ஸில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘ஹோல்டு ஸ்டாக், நிமிடங்களில்’. முன்னிருப்பு 60. அம்மா இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஸ்டாக்கைப் பிடித்து வைப்பது தெரியும். ஐஸ் பெட்டியில்தானே வைத்திருக்கிறோம்.

உண்மையில் நடப்பது இது. ஒருவர் இரண்டு கிலோ வஞ்சிரத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டு, பணம் செலுத்தும் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்த இரண்டு கிலோவும் அவர் பேரில் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கப்படும். இருந்ததே அவ்வளவுதான் என்றால், அதற்குள் வாங்க வரும் மற்றவர்களுக்கு ‘இருப்பு இல்லை’ என்று காட்டும். சட்டை விற்கும் கடைக்கு ஒரு மணி நேரம் பெரிதல்ல. காலை 5 முதல் 8 வரை மட்டுமே வியாபாரம் நடக்கும் மீன்கடைக்கு அது வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அம்மாவிடம் ‘எத்தனை நிமிடம் ஹோல்டு?’ என்று கேட்டால் விடை வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஒருத்தர் மீனை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, காசு கொடுக்காமல் நிற்கிறார். எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?’ யோசிக்காமல் சொல்வார்: “பத்து நிமிஷம். அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.” விடை அவரிடம் எப்போதும் இருந்தது. கேள்விதான் அவரிடம் வந்து சேரவில்லை.

நேரத்துக்கும் இதே வைத்தியம்தான். நேர மண்டலப் பட்டியலே வேண்டாம். ‘உங்கள் கடைக் கடிகாரத்தில் இப்போது மணி 6:10. சரிதானா?’ என்று ஒரு வரி. கீழே ‘ஆமாம்’, ‘இல்லை’. உலாவிக்கு அந்தப் போனின் நேரம் தெரியும், அங்கிருந்து ஊகித்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ் பக்கத்திலும் நேரப் பட்டியலுக்குக் கீழே ‘உள்ளூர் நேரம் இது’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி உண்டு. இருப்பதிலேயே உபயோகமான தகவல் அதுதான். அதைத் தலைப்பில் வைத்து, பட்டியலைக் கீழே தள்ளியிருக்க வேண்டும்.

ஒரு கேள்விக்கான விடையிலிருந்து பல கட்டங்களை நிரப்பவும் முடியும். கடையின் பின்கோடு கேளுங்கள்: 600013. இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த ஏற்பாடு இது. முதல் இலக்கம் 6 என்றாலே தமிழ்நாடு, கேரளப் பக்கம் என்று தெரியும். முழு ஆறு இலக்கத்திலிருந்து நாடு, மாநிலம், ரூபாய், கிலோ, போன் எண்ணின் முன்னால் வரும் 91, நேரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். வூகாமர்ஸ் இதில் பாதி தூரம் வந்திருக்கிறது; நாட்டைச் சொன்னால் நாணயம், எடை அலகு, ரூபாய்க் குறி முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதையெல்லாம் தன்னிடமுள்ள அட்டவணையிலிருந்து போட்டுக்கொள்கிறது. ஆனால் லட்சத்தை 1,00,000 என்று எழுதாமல் 100,000 என்றே எழுதும். ஆயிரத்துக்கு ஒரு காற்புள்ளி என்பது உலக வழக்கம் என்று எப்போதோ யாரோ வைத்த முன்னிருப்பு, அடியில் இருக்கும் நிரல்மொழியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அம்மா உண்மையில் கவலைப்படும் விஷயமோ எந்தப் பக்கத்திலும் இல்லை. விலை முழு மீனுக்கா, வெட்டிச் சுத்தம் செய்த பிறகு நிற்கும் எடைக்கா? வாடிக்கையாளரோடு வரும் சண்டையில் பாதி இதில்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதபோது கடை உண்டா, இல்லையா? ஏலம் முடியும் வரை என்ன மீன் வரும் என்றே தெரியாத கடையில், முந்தைய இரவே இருப்பு எத்தனை கிலோ என்று எப்படி எழுதுவது? பெட்டிகள் நூறு இருக்கின்றன. தொழிலுக்கு வேண்டிய பெட்டி ஒன்றும் இல்லை.

பன்னிரண்டு ஐம்பது என்றால் எங்கே?

இது கடைக்காரர்களின் தொல்லை மட்டுமல்ல. காசிமேட்டுப் படகுகளில் ஜி.பி.எஸ். சாதாரணமாகிவிட்டது. அதிலும் ஒரு செட்டிங் உண்டு: இடத்தை டிகிரி, நிமிடம், வினாடி என்று எழுதுவதா, அல்லது டிகிரி, நிமிடம், பிறகு நிமிடத்தின் தசமப் பகுதி என்று எழுதுவதா?

எண்ணூருக்கு வெளியே வலை மாட்டக்கூடிய ஒரு பாறைத்திட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீனவர் மொழியில் ‘பார்’. ஒரு படகுக்காரர் வாக்கி டாக்கியில் ‘பதிமூணு, பன்னண்டு, அம்பது’ என்று சொல்கிறார். அவர் கருவியில் அது 13 டிகிரி, 12 நிமிடம், 50 வினாடி. கேட்பவரின் கருவி தசம முறையில் இருக்கிறது, 12.50 என்று போடுகிறார். 50 வினாடி என்பது நிமிடத்தில் ஆறில் ஐந்து பங்கு, அதாவது 0.833. இவர் போட்டது அரை நிமிடம். மூன்றில் ஒரு நிமிட வித்தியாசம். நிலநேர்க்கோட்டில் ஒரு நிமிடம் 1,852 மீட்டர் என்பதால், பிழை 600 மீட்டருக்கு மேல். எண்ணைச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, கேட்டவரும் தப்பாகக் கேட்கவில்லை.

ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அறிவிக்கும்போது அகலாங்கு, நெட்டாங்கு மட்டும் தந்து நிறுத்துவதில்லை. எந்தக் கரையிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்றும் சொல்கிறது. கரை மீனவருக்குத் தெரிந்த இடம், திசையும் தெரியும். ஆழத்தை மட்டும் மீட்டரில் தருகிறார்கள். ‘பாகம்’ கணக்கில் ஆழம் பார்த்துப் பழகியவர் மனதுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ செயலி இன்னொரு படி போகிறது. கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் அது எச்சரிக்கும். கோடு எங்கே ஓடுகிறது என்று மீனவர் எதையும் உள்ளிட வேண்டியதில்லை.

பூட்டி வைத்தால் கற்க முடியுமா?

எல்லாவற்றையும் நாமே முடிவு செய்து மறைத்துவிட்டால், விவரம் தெரிந்தவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 1984-ல் ஐ.பி.எம். ஆய்வாளர்களான ஜான் கேரலும் கேரலின் கேரிதர்ஸும் இதற்கு ஒரு சோதனை செய்தார்கள். கடிதம் தட்டச்சு செய்யும் ஒரு மென்பொருளை எடுத்து, புதியவர்கள் வழக்கமாகச் சிக்கிக்கொள்ளும் கட்டளைகளை மட்டும் பூட்டினார்கள். நீக்கவில்லை, பட்டியலில் அப்படியே இருந்தன, தொட்டால் ‘இப்போதைக்கு இது இல்லை’ என்று பதில் வந்தது. பூட்டிய மென்பொருளில் பழகியவர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கினார்கள், தவறுகளைத் திருத்துவதில் குறைந்த நேரமே செலவிட்டார்கள். பின்னால் வைத்த சோதனையில், கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

இன்றைய செருகுநிரல்களில் ‘மேம்பட்டவை’ என்று ஒரு டேப் வைத்து மிச்சத்தையெல்லாம் அங்கே கொட்டுவது இந்த யோசனையின் சோம்பேறித்தனமான வடிவம். கேரலும் கேரிதர்ஸும் எதைப் பூட்டுவது என்பதை, புதியவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்து முடிவு செய்தார்கள். அதற்கு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அம்மா போனைத் தடவும்போது வாயை மூடிக்கொண்டு, எங்கே நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். நிரல் எழுதுவதைவிட இது கஷ்டம். சொல்லிக்கொடுக்க நாக்கு துறுதுறுக்கும்.

மூன்றாவது ஆளின் கேள்வி

கடைசியாக ஒரு கட்டம் மீதமிருக்கிறது: வரி. புதிதாகப் பிடித்த மீனை அப்படியே விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. அதையே உறையவைத்து, பொட்டலம் கட்டி, லேபிள் ஒட்டி விற்றால் உண்டு. கருவாட்டிலும் இப்படிச் சில்லறையாக விற்பதற்கும் பாக்கெட்டில் விற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. செருகுநிரலை எழுதியவருக்கு இது தெரியாது. வேறு தேசத்தில் இருக்கிறார். அம்மாவுக்கும் உறுதியாகத் தெரியாது. இங்கே கேள்வியை எத்தனை தரம் திருப்பிப் போட்டாலும் பலனில்லை, ஏனென்றால் விடை இருப்பது ஆடிட்டரிடம்.

ஆனால் செட்டிங்ஸ் பக்கங்கள் இந்த இடத்திலும் ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் போட்டு, நிரப்பாமல் மேலே போக விடுவதில்லை. மக்கள் என்ன செய்வார்கள்? எதையாவது போட்டுவிட்டுப் போவார்கள், பெரும்பாலும் 0. நல்ல பக்கம் என்றால் மூன்று காரியம் செய்யும். மீனை எப்படி விற்கிறீர்கள் என்று மட்டும் அம்மாவிடம் கேட்கும்: ஐஸில் வைத்தா, பாக்கெட்டிலா? வரிக் கட்டத்தில் ‘இன்னும் முடிவாகவில்லை’ என்று எழுதி, 0 விழுக்காடு என்ற உண்மையான விடையோடு குழப்பாமல் தனியாக வைக்கும். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும்; அழுத்தினால் அந்த ஒரே ஒரு கேள்வி, அம்மா சொன்ன விவரத்தோடு, ஆடிட்டரின் வாட்ஸ்அப்புக்குப் போகும். அவர் பதில் எழுதும் வரை கடை திறந்தே இருக்கும், பில்லில் ‘வரி பின்னர் சரிபார்க்கப்படும்’ என்று ஒரு குறிப்பு அம்மாவின் கண்ணுக்கு மட்டும் தெரியும்.